அப்புக்காத்துக்கு விழுந்த அடி

1988 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு. மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில், இந்த ஊர்க்காரர் ‘மூன்றரை’ என்று சொல்லும் சிறிய வீடொன்றின் முன்னறையில் ஏழு பேர் இருந்து ‘பொலிஸ் ஸ்டோரி’ பார்த்தோம். ஏழு பேரும் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள். நான் கோப்பை கழுவிய உணவகத்தில் சமையல்காரராக இருந்த ஹொங்கொங்காரர் ஒருவர், சைனா ரவுணில் வாடகைக்கு எடுத்த வீடியோக் கசற்றை இரண்டு நாளுக்குத் தந்திருந்தார். படத்தின் பேச்சு கன்ரனீஸ் மொழியில். கீழே சீன எழுத்தும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து ஓடின. அந்த அறையில் ஆங்கிலத்தை ஓடுகிற வேகத்தில் வாசிக்கக்கூடியவன் நான்தான் என்பதால், வாசித்துத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

படத்தின் முடிவை அனேகமான வாசகர்கள் அறிந்திருப்பார்கள். போதைப்பொருள் வியாபாரியைப் பிடித்துக் கொடுக்கிறான் பொலிஸ்காரனான ஜாக்கி சான். நீதிமன்றத்தில் வியாபாரியின் வழக்கறிஞர் வாதாடி ஆளை வெளியே எடுத்துவிடுகிறார். பிறகு கொலைப்பழி ஜாக்கியின் மேலேயே விழுகிறது. கடைசியில் பெரிய அங்காடியொன்றில் கண்ணாடிகள் நொறுங்கச் சண்டை நடக்கிறது. சண்டை முடிந்து வியாபாரி பிடிபட்ட பிறகும் அந்த வழக்கறிஞர் வந்து சட்டம் கதைக்கிறார். ஜாக்கி அவருக்கும் ஒரு குத்து விடுகிறான். பிறகு வியாபாரியைப் போட்டு அடிக்கிறான். சக பொலிஸ்காரர்கள் இழுத்துப் பிடிக்கவேண்டி வருகிறது. படம் அப்படியே முடிகிறது.

அறையில் ஆறு பேர் கை தட்டினோம். ஒருவர் தட்டவில்லை. வடமராட்சியில் ஆசிரியராக இருந்து வந்தவர். மாஸ்டர் என்றே அவரைக் கூப்பிடுவோம்.

“அப்புக்காத்துக்கு ஏன் அடிச்சவன்?” என்று கேட்டார்.

“கள்ளனுக்கு நிக்கிற லோயருக்கு அடிக்காமல் கும்பிடச் சொல்லுறியளோ மாஸ்டர்?” என்றான் ஒருவன்.

“அப்ப திங்கக்கிழமை நீ போய்ப் பாக்கிற லோயர் ஆருக்கு நிக்கிறார் தம்பி?”

அப்புக்காத்து என்பது யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞருக்கு இருந்த பழைய பெயர். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. மாஸ்டரின் கேள்விக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது. கதை வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு பொலிஸ் படம் பார்க்கும்போதும் அந்தக் கேள்வி எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுகிறது. நாங்கள் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தோம், என்ன அபிப்பிராயம் சொன்னோம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. திரைப்பட வரலாறு எழுதுபவர்கள் அதை எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் காக்கி உடைக் கதாநாயகனுக்குக் கை தட்டுவதே முதலில் விளக்கம் தேவைப்படும் விடயம். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்ததில் மக்கள் இறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. எரித்தவர்களில் பொலிஸ்காரர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் குழப்படி செய்யும் பிள்ளைக்கு அம்மா “பொலிஸ் வருது” என்று சொன்னால் அது வெறும் வெருட்டு அல்ல. வந்திருக்கிறது.

அதே 1974ஆம் ஆண்டில்தான் சென்னையில் ‘தங்கப்பதக்கம்’ வெளிவந்தது. மகேந்திரன் எழுதி, பி. மாதவன் இயக்கிய படம். சிவாஜி கணேசனின் எஸ்.பி. சௌத்ரி, கடமைக்காகத் தன் சொந்த மகனையே சுடுகிறவர். எங்கள் தெருவில் அந்தப் படத்தைப் பற்றி எதிர்ச்சொல் கேட்டதில்லை. என் தகப்பனாருக்கு சௌத்ரி ஒரு பொலிஸ்காரராகவே தெரியவில்லை. “அது சிவாஜி” என்பார். அவருக்கு அந்தக் காக்கி வேறு, பொலிஸ் நிலையத்தில் நின்ற காக்கி வேறு. படத்தில் வந்தவர் தமிழ் பேசினார், குடும்பம் வைத்திருந்தார், நியாயத்துக்காக அழுதார். நிலையத்தில் நின்றவருக்கு எங்கள் மொழி தெரியாது. பார்வையாளர் இரண்டையும் கலக்காமல் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் முதல் பழக்கம் அது.

சண்டை வேறு வழியால் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படத்துக்கு றீகல் தியேட்டர். 1973இல் வெளிவந்த புரூஸ் லீயின் ‘என்டர் த டிராகன்’ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, வாழைமரத்தில் காலால் உதைக்காத பொடியன் எங்கள் ஒழுங்கையில் இல்லை. கராட்டி வகுப்புகள் தொடங்கின. அதுவரை சண்டைக்காட்சி என்றால் எம்.ஜி.ஆரின் வாளும் சிலம்பமும். தமிழ்ப் படத்துக்கு யூடோவைக் கொண்டுவந்து பெயரோடு ஒட்டிக்கொண்டவர் ஜூடோ கே.கே. ரத்தினம். புரூஸ் லீக்குப் பிறகு பார்வையாளரின் கண் மாறிவிட்டது. அடி எங்கே விழுகிறது, கால் எவ்வளவு உயரம் போகிறது, ‘டூப்’ போட்டதா இல்லையா என்று பார்க்கத் தொடங்கினோம். அதற்குமுன் நாங்கள் கேட்டது கதாநாயகன் வென்றானா என்பதை மட்டும்.

இந்தச் சண்டையும் காக்கியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் ஹொங்கொங். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த ஹொங்கொங் பொலிஸ் 1970களின் தொடக்கத்தில் லஞ்சத்துக்குப் பெயர்போனது. பீற்றர் கோட்பர் என்ற உயர் அதிகாரி கணக்கில் வராத பணத்தோடு நாட்டைவிட்டுத் தப்பியோடியதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974இல் ஊழல் ஒழிப்புக்கென்று தனியான ஆணையம் அமைந்தது. 1977இல் பொலிஸ்காரர்களே அந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து அடிதடி செய்தார்கள். ஆளுநர் ஒரு பகுதி மன்னிப்பு அறிவிக்க வேண்டிவந்தது. அப்படிச் சீரழிந்து, பிறகு சீர்திருத்தப்பட்ட ஒரு பொலிஸ் படையின் கதாநாயகனாகத்தான் 1985 டிசம்பரில் ஜாக்கி சான் திரைக்கு வந்தார். அவர் நடித்த பொலிஸ்காரனுக்கு மேலே இருக்கும் அதிகாரிகளில் ஒருவன் விலைபோனவன் என்பதைப் படம் மறைக்கவில்லை.

சிறுவயதிலிருந்து பத்து ஆண்டுகள் பீக்கிங் ஒபரா பள்ளியில் உடம்பை முறித்துப் பழகியவர் ஜாக்கி. அங்காடியின் உச்சியிலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தில் வழுக்கி இறங்கும் காட்சியில் அவருடைய கைகள் உண்மையாகவே வெந்துபோயின. வழமையைவிடத் தடிப்பான சீனிக் கண்ணாடியை உடைத்த சண்டைக்காரர்கள் காயப்பட்டார்கள். படப்பிடிப்பில் இருந்தவர்கள் இந்தப் படத்தை ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று பகிடியாகச் சொன்னார்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரியவந்தது. அன்று இரவு அதைத் தெரியாமலே கண்டுபிடித்தவன் ஒருவன் எங்களோடு இருந்தான்.

அவன் பூசா முகாமில் இருந்து வந்தவன். 1985இல் பிடிபட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் காலிக்குப் பக்கத்தில் இருந்த அந்த முகாமில் அடைபட்டிருந்தான். அடி பற்றி அவனிடம் நாங்கள் எவரும் கேட்டதில்லை. படம் தொடங்கியதும் இவன் எழும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. முழுப் படமும் அசையாமல் இருந்து பார்த்தான். முடிந்ததும் சொன்னான்: “இந்தப் படத்தில அடிச்சால் நோகுது அண்ணை. எங்கட படத்தில அடிச்சால் ஆள் பறக்கிறான், ஆனால் ஒருத்தருக்கும் நோகிறேல்லை.”

நான் கேட்ட திரை விமர்சனங்களில் அதை மிஞ்சிய ஒன்றை இன்னும் கேட்கவில்லை. அவனுக்கு ஜாக்கி சான் பிடித்ததற்குக் காரணம், அந்தப் பொலிஸ்காரன் அடிப்பதைவிட அதிகமாக அடி வாங்குகிறான். கடைசிக் காட்சியில் வழக்கறிஞருக்கு விழுந்த குத்துக்கு அவனும் கை தட்டினான் என்பதையும் நான் எழுதவேண்டும்.

மாஸ்டர் கேட்டதன் பொருள் எனக்கு விளங்கச் சில வருடம் பிடித்தது. விளங்க வைத்தது எங்கள் சொந்த வழக்குகள்.

‘பொலிஸ் ஸ்டோரி’ வந்த அதே 1985இல், ஏப்ரல் 4ஆம் திகதி, கனடா உச்ச நீதிமன்றம் ‘சிங்’ வழக்கில் தீர்ப்பளித்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஏழு பேர் தொடுத்த வழக்கு. அதுவரை விண்ணப்பக்காரர் ஒருவர், தன்னுடைய தலைவிதியைத் தீர்மானிப்பவர்களின் முகத்தைப் பார்க்காமலே நிராகரிக்கப்படலாம். எழுத்தில் உள்ளதை வாசித்துவிட்டு முடிவு சொல்வார்கள். நீதிபதி பேர்தா வில்சன் எழுதியது இதுதான்: உரிமைகள் சாசனத்தில் ‘ஒவ்வொருவருக்கும்’ என்று இருந்தால், அதில் கனடா மண்ணில் நிற்கும் ஒவ்வொருவரும் அடக்கம். ஒருவருடைய உயிர் அவர் சொல்வதை நம்புவதா விடுவதா என்பதில் தங்கியிருந்தால், அவர் நேரில் வந்து வாய்திறந்து சொல்ல இடம் கொடுக்கவேண்டும். ஏப்ரல் 4ஐ இங்கே அகதிகள் உரிமை நாளாக நினைவுகூர்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்ததை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். நான் 1987 நவம்பரில் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினேன். அந்த மாதம் 11ஆம் திகதி, இதே நகரத்தில் அந்தனி கிறிபின் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞனைப் பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றிருந்தார். கையில் ஆயுதம் இருக்கவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பெடியனின் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்போது எனக்கு ஒரு சொல் பிரெஞ்சும் தெரியாது. என்ன நடந்திருக்கும் என்பது மட்டும் விளங்கியது.

1989 ஜனவரியில் புதிய அகதிச் சபை இயங்கத் தொடங்கியது. அதற்குமுன் வந்தவர்கள் நிலுவைப் பட்டியலில் தள்ளப்பட்டோம். வருடக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் நான் பகலில் ‘கொஃபி’ என்று நாங்கள் சொன்ன குடியேற்றவாசிகளுக்கான அரசுப் பயிற்சி நிலையத்தில் பிரெஞ்சு படித்தேன், இரவில் கோப்பை கழுவினேன். காத்திருப்பதை எல்லோரும் திட்டினோம். “ஓம் எண்டு சொல்லு, இல்லையெண்டு சொல்லு, இழுக்காதை” என்பது அந்நாளைய பிரார்த்தனை. ஆனால் அந்த இழுபாடுதான் எங்களை வைத்திருந்தது. விசாரணை முடியும்வரை ஒருவரும் எங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. என் வழக்கில் மொழிபெயர்ப்பாளர் ஒரு திகதியைப் பிழையாகச் சொல்லிவிட்டார். சட்டத்தரணி எழுந்து, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று நின்றார். சபை உறுப்பினருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. படமாக இருந்தால் அந்த இடத்தில் பார்வையாளர்கள் உறுப்பினரின் பக்கம் நிற்பார்கள். சட்ட ஓட்டையைக் கதைத்து நேரத்தை வீணாக்குகிற வழக்கறிஞரை எந்தப் படத்தில் எவருக்குப் பிடித்திருக்கிறது? கேள்வி திரும்பக் கேட்கப்பட்டது. திகதி திருத்தப்பட்டது. நான் இங்கே இருக்கிறேன்.

பூசாத் தம்பியின் கதை இதன் மறுபக்கம். இலங்கையின் சாதாரணச் சாட்சியச் சட்டப்படி பொலிஸ்காரரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்கலாம் என்பதால்தான் அந்த விதி. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை மாற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலும் செல்லும். 2022இல் திருத்தப்படும்வரை, 18 மாதம்வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே மறித்தும் வைக்க அது இடம் கொடுத்தது. பொலிஸ் படக் கதாநாயகன் நீதிமன்றப் படியில் நின்று ஏங்குவதெல்லாம் அந்தச் சட்டத்தில் இருந்தது. தாமதம் இல்லை. குறுக்கே நிற்கும் அப்புக்காத்து இல்லை. அதன் பலனை அவன் முதுகில் கொண்டுவந்திருந்தான்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் அந்தப் படங்களை விட்டோமா? விடவில்லை. 1990களில் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோத்-தே-நேஜிலும் தமிழ்க் கடைகளில் மரக்கறிக்குப் பக்கத்திலேயே வீடியோக் கசற் அடுக்கியிருக்கும். வெள்ளி மாலை வாழைப்பொத்தியும் விஜயகாந்தும் ஒரே பையில் வீட்டுக்கு வரும். 1990 பொங்கலுக்கு வந்த ‘புலன் விசாரணை’யில் அவர் பொலிஸ் அதிகாரி. சென்னையை உலுக்கிய ஆட்டோ சங்கர் வழக்கைத் தழுவியது. அடுத்த ஆண்டு சித்திரைக்கு வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ அவருடைய நூறாவது படம். வீரப்பனை ஒத்த காட்டுக் கொள்ளைக்காரனைத் தேடும் வனத்துறை அதிகாரி. இரண்டையும் இயக்கியவர் ஆர்.கே. செல்வமணி. சுவரில் ஒரு காலை ஊன்றி மறுகாலால் உதைக்கும் அவரது அடிக்கு எங்கள் கடைக்கார அண்ணையிடம் ஒரு மதிப்பீடு இருந்தது. “ஜாக்கி சான் அடிக்கிறது சேர்க்கஸ். விஜயகாந்த் அடிக்கிறது கோவம். எங்கட சனத்துக்குக் கோவம்தான் வேணும்.” வியாபாரம் தெரிந்த மனிதர். எந்தக் கசற் எத்தனை தரம் வெளியே போனது என்பது அவருடைய கொப்பியில் இருந்தது.

பெண்களின் அபிப்பிராயம் தனி. எங்கள் மச்சாள் ஒருவர் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் திரும்பத் திரும்ப எடுத்த படம் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ 1990இல் ‘கர்த்தவ்யம்’ என்ற பெயரில் தெலுங்கில் வந்து, தமிழில் குரல் மாற்றப்பட்டது. இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண் கிரண் பேடியை முன்மாதிரியாகக் கொண்ட பாத்திரம். அதற்காக விஜயசாந்திக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் விஜயசாந்தி கொடுத்த உதைகளைப் பற்றி ஆண்கள் பகிடி பண்ணுவார்கள். மச்சாள் சொன்னார்: “நீங்கள் சிரியுங்கோ. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிஞ்சு மெட்ரோவால வாறது நான். எனக்கு அவளை மாதிரி ஒருக்கா உதைக்கத் தெரிஞ்சால் காணும்.” அவர் அந்தப் படத்தில் பொலிஸைப் பார்க்கவில்லை. பயமில்லாமல் வீட்டுக்கு நடந்து வருகிற ஒரு பெண்ணைப் பார்த்தார். சட்டம் பற்றி மாஸ்டர் கேட்ட கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்: சட்டம் வந்துசேரும்வரைக்கும் ஒருவர் எப்படித் தப்பியிருப்பது?

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனார்கள். 1996இல் மொன்றியலில் ‘ஃபன்ரேசியா’ திரைப்பட விழா தொடங்கியது. புளூரி வீதியில் உள்ள பழைய இம்பீரியல் தியேட்டரில் ஹொங்கொங் படங்களைப் பார்க்க கியூபெக் இளைஞர் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு இரவல் கசற்றில் வந்தது அவர்களுக்குக் கலையாகத் திரையில் வந்தது. அவர்கள் ஒவ்வொரு குட்டிக்கரணத்துக்கும் கூவினார்கள். பிழை இல்லை. எங்கள் முன்னறையில் இருந்த அமைதி அங்கே இருக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அதே காலத்துக்குப் பின் தமிழ்ப் பொலிஸ் படமும் மாறியது. 2003இல் கௌதம் மேனனின் ‘காக்க காக்க’ வந்தது. ஹரியின் ‘சாமி’யும் அதே ஆண்டு. முன்னதில் சூர்யா, பின்னதில் விக்ரம். சௌத்ரி மகனைச் சுட்டுவிட்டுக் கலங்கினார். இந்தப் புதியவர்கள் ஆளை முடித்துவிட்டுக் கலங்குவதில்லை. ‘என்கவுண்டர்’ என்ற சொல் எங்கள் பிள்ளைகளின் வாயில் விளையாட்டுச் சொல்லாக வந்தது. 2010இல் ‘சிங்கம்’. தூத்துக்குடி மாவட்டத்து நல்லூர் என்ற ஊரின் உதவி ஆய்வாளர் துரைசிங்கமாக மறுபடி சூர்யா. என் மகன் அந்த அறையும் சத்தமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரசித்தான். ஆனால் அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. 2008 ஓகஸ்ட் 9ஆம் திகதி, மொன்றியல் நோர் பூங்காவொன்றில் பிரெடி வில்லனுவேவா என்ற 18 வயது இளைஞனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. மறுநாள் இரவு அந்தப் பகுதி எரிந்தது. மகனுக்கும் அப்போது ஏறக்குறைய அதே வயது, அதே நிறம். “அப்பா, படத்தில ஓடுறவன் எப்பவும் குற்றவாளி. இஞ்ச ஓடுறவன் பயத்தில ஓடுறான்” என்றான். அவனுக்கு கிறிபினின் பெயர் தெரியாது. நான் சொன்னேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் மாஸ்டர் சொன்னதே சரி என்று சுகமாக முடிந்திருக்கும். 2017 வந்தது.

அந்த ஏப்ரலில் மொன்றியலில் ஒரு வழக்கு நின்றுபோனது. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட தமிழர் ஒருவர் 2012இலிருந்து சிறையில் விசாரணைக்காகக் காத்திருந்தார். 2016 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் ‘ஜோர்டன்’ தீர்ப்பில், வழக்கைத் தாமதிப்பதற்கு ஓர் எல்லை வைத்திருந்தது. மேல் நீதிமன்றங்களில் 30 மாதம். இந்த வழக்கு ஏறக்குறைய ஐந்து வருடத்தை நெருங்கியிருந்தது. நீதிமன்றம் வழக்கை நிறுத்தியது. குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை, இல்லையென்று தீர்க்கப்படவும் இல்லை. ஜூலையில் அவர் நாடுகடத்தப்பட்டார். இறந்த பெண்ணுக்கான கொலை வழக்கின் விசாரணை ஒருபோதும் தொடங்கவில்லை.

அந்தக் கிழமை எங்கள் சனம் கூடிய ஒவ்வொரு இடத்திலும் இதே கதைதான். கோயில் மடத்தில் ஒருவர் “இதுக்குத்தான் துரைசிங்கம் வேணும்” என்று சொன்னபோது தலையாட்டியவர்களில் பெண்களே அதிகம். மச்சாளும் இருந்தார். “உங்கட மாஸ்டரிட்டைக் கேளுங்கோ, இப்ப அப்புக்காத்துக்கு அடிக்கலாமோ எண்டு” என்றார் என்னிடம். மாஸ்டர் அதற்கு முன்னமே காலமாகிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்த வழக்கில் குற்றம் வழக்கறிஞருடையதா? நீதிபதிகள் காணாது, நீதிமன்ற அறைகள் காணாது, திகதி திகதியாகத் தள்ளிப்போட்டது ஓர் அமைப்பு. என்னைக் காப்பாற்றிய தாமதமும் அந்தப் பெண்ணைக் கைவிட்ட தாமதமும் ஒரே தாமதம் இல்லை. எனக்குக் கிடைத்தது என்னைக் கேட்பதற்காக எடுத்த நேரம். அவளுக்கு நடந்தது ஒருவருமே கேட்காமல் கடந்துபோன நேரம். பொலிஸ் படம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, அதன்மேல் கோபப்படச் சொல்கிறது. கோபம் நியாயமானது என்பதால் குழையலை நாங்கள் கவனிப்பதில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பொலிஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு நேரத்தை மீறிக் கைத்தொலைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள்மேல் சொன்ன குற்றம். சாத்தான்குளம் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில், துரைசிங்கத்தின் மாவட்டத்தில். அதே மாதம் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். ஓர் இயக்குநர் தன் கைதட்டல்களுக்காக வருந்தியதை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. கை தட்டிய நாங்கள் அறிக்கை எதுவும் விடவில்லை.

அடுத்த ஆண்டு ‘ஜெய் பீம்’ வந்தது. 1993இல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு காவல் மரணமும், அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடிய, பின்னாளில் நீதிபதியான கே. சந்துருவின் வழக்கும் அதன் அடிப்படை. ஆட்கொணர்வு மனு ஒன்றுதான் கதாநாயகனின் ஆயுதம். அந்த வழக்கறிஞராக நடித்தவர் ‘காக்க காக்க’வின் அன்புச்செல்வன், ‘சிங்க’த்தின் துரைசிங்கம். அதே சூர்யா. கறுப்பு அங்கியோடு அவர் நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தபோது எனக்கு மாஸ்டரின் ஞாபகம் வந்தது. மனிதர் இதைப் பார்க்க இருக்கவில்லையே என்று கவலைப்பட்டேன்.

அன்று எங்கள் வீட்டில் மச்சாள், மகன், மருமகள், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பூசாத் தம்பி எல்லோரும் இருந்தோம். தம்பிக்கு இப்போது தலை முழுக்க நரை. லொக்கப்பில் அடிக்கும் காட்சிகள் வந்தபோது அவர் எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். 1988இல் ஜாக்கி சானின் படத்துக்கு எழும்பாதவர் இதற்கு எழும்பினார். திரும்பி வந்து இருந்து மிச்சத்தைப் பார்த்தார்.

படத்தில் ஓரிடத்தில், விசாரணைக்கு வந்த நேர்மையான பொலிஸ் அதிகாரியாக நடிக்கும் பிரகாஷ் ராஜ், இந்தியில் பேசுகிற அடகுக்கடைக்காரரைக் கன்னத்தில் அறைந்து, தமிழில் பேசச் சொல்கிறார். அந்த அறைக்கு எங்கள் முன்னறையில் கை தட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். பொலிஸ் அடிக்கக்கூடாது என்று சொல்வதற்காகவே எடுத்த படத்தில், பொலிஸ் அடித்த ஒரு அடிக்கு. தம்பி தட்டவில்லை.

படம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், அந்த இடத்தில் ஏன் பேசாமல் இருந்தீர் என்று.

“முந்தி மாஸ்டர் கேட்டவர் எல்லோ அண்ணை, எங்கட லோயர் ஆருக்கு நிக்கிறார் எண்டு,” என்றார். “எனக்கு அதுக்கு மறுமொழி சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது. அந்த அடகுக்கடைக்காரனுக்கும் ஒரு அப்புக்காத்து வேணும்.”

மருமகள் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். மகனுக்கும் தெரியவில்லை. தம்பி பிரெஞ்சில் ‘அவொக்கா’ என்று சொன்னார். “அட, அதே சொல்தானே!” என்றாள் அவள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த சொல்லும் இந்த ஊர்ச் சொல்லும் ஒரே வேரில் வந்தவை என்பதை முப்பத்துநாலு வருடமாகப் பிரெஞ்சு பேசும் நான் அதுவரை கவனித்திருக்கவில்லை.